சின்ன மரக்காடு வாங்கியவர்களுக்கு: முதல் வருடம் எதை எப்போது செய்வது

மலையடிவாரத்தில் இரண்டு மூன்று ஏக்கர், ஏற்கெனவே மரம் வளர்ந்த நிலம், பக்கத்தில் ஒரு ஓடை. இப்படி ஒரு இடம் வாங்க ஆசைப்படுகிறவர்கள் இப்போது நிறைய. நான் தென்காசிப் பக்கம் வாங்கினேன். தேக்கு, வேம்பு, புங்கன், புளி, நடுநடுவே ஆள் நுழைய முடியாத முள். நிலத்துக்குக் கொடுத்த பணத்தைவிட, அதற்குப் பிறகு காகிதத்துக்காக அலைந்த அலைச்சல்தான் என்னைச் சோர வைத்தது. ஒரு அலுவலகத்தில் கேட்டால் இன்னொன்றைக் கைகாட்டுவார்கள், அங்கே போனால் பழைய இடத்துக்கே அனுப்புவார்கள். எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்ல ஆளே இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டு நிலவரம் மட்டும்தான் இதில் இருக்கிறது.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். முதல் வருடம் மரத்தில் கத்தி வைக்காதீர்கள். காகிதம், எல்லை, தீ, தண்ணீர் இந்த நான்கும் முடிந்த பிறகுதான் வெட்டுவதும் நடுவதும்.

1. அட்வான்ஸ் கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு முதலில். வெளிநாட்டுவாழ் இந்தியரும், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினரும் விவசாய நிலமோ தோட்டமோ பண்ணை வீடோ விலைக்கு வாங்க அந்நியச் செலாவணிச் சட்டம் இடம் தருவதில்லை. வாரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். "பவர் எழுதி வாங்கிக்கலாம்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உள்ளூரில் இருப்பவர்களுக்கு இந்தத் தடை இல்லை, விவசாயியாக இல்லாதவரும் தமிழ்நாட்டில் விவசாய நிலம் வாங்கலாம். ஆனால் குடும்பத்துக்கு 15 நிலையான ஏக்கர் (மண்ணின் தரத்தை வைத்துக் கணக்கிடும் ஏக்கர்) என்ற உச்சவரம்பு உண்டு.

வாங்கிப் பார்க்க வேண்டிய காகிதங்கள் இவை: மூலப் பத்திரத்திலிருந்து இன்றுவரையான எல்லாப் பத்திரங்கள், குறைந்தது 30 வருட வில்லங்கச் சான்று, பட்டா, அ-பதிவேடு (நிலத்தின் வகையும் உரிமையும் உள்ள வருவாய்த்துறைப் பதிவேடு), புலப்படம் (நிலத்தின் அளவை வரைபடம்), அடங்கல் (பயிர், மரம் பற்றிய கிராமக் கணக்கு). பட்டா, அ-பதிவேடு, புலப்படம் எல்லாமே இணையத்தில் சர்வே எண்ணைப் போட்டாலே கிடைக்கும். விற்பவர் நீட்டும் நகலை மட்டும் நம்பாமல் நீங்களே எடுத்துப் பாருங்கள்.

அ-பதிவேட்டில் நிலத்தின் வகைப்பாடும் குறிப்பும் இருக்கும் இடத்தைக் கட்டாயம் படியுங்கள். பஞ்சமி நிலம், பூதான நிலம் (ஏழைகளுக்கென்று தானமாக வந்தது), நிபந்தனையுடன் அரசு ஒப்படைத்த நிலம், கோயில் நிலம், வக்பு நிலம் இவற்றில் ஏதாவது என்றால், பக்கத்து நிலத்தின் பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம். பஞ்சமி நிலம் பட்டியல் சாதி மக்களுக்கென்று ஒதுக்கப்பட்டது, மற்றவர் பெயருக்குச் செய்யும் கிரயம் செல்லாது, அதோடு அது அவர்களுக்கு இழைக்கும் அநீதியும்கூட.

மரக்காடு வாங்குகிறவர்கள் மட்டும் பார்க்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு, சாதாரண விவசாய நிலம் எழுதிப் பழகிய பத்திர எழுத்தருக்கு இது தோன்றாமலே போகலாம். 1949ஆம் ஆண்டின் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம் அந்த நிலத்துக்குப் பொருந்துமா என்று கேளுங்கள். பொருந்தும் என்றால், ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழுவின் அனுமதி இல்லாமல் நிலத்தை விற்கவோ குத்தகைக்கு விடவோ மரம் வெட்டவோ முடியாது. கூடலூர்ப் பக்கம் என்றால் ஜன்மம் நிலப் பிரச்சினை (பழைய ஜமீன் போன்ற நிலங்களின் உரிமைத் தகராறு) தனி. அந்த நிலங்களுக்கான 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவு நிலம் என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். நீலகிரி, கொடைக்கானல், ஏற்காடு போன்ற மலைப்பகுதிகளுக்கு 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அங்கே உங்கள் சொந்தத் தோட்டத்துச் சில்வர் ஓக் மரத்துக்கும் அனுமதி வேண்டும்.

அட்வான்ஸை ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். அசையாச் சொத்துக்காக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. வங்கி வழியாகக் கொடுத்தால் பிறகு தகராறு வந்தாலும் உங்களுக்கு அதுவே சாட்சி.

2. பத்திரத்தில் மரத்தை எழுதுங்கள்

நம் ஊர்ப் பத்திரங்களில் "மாவடை மரவடை" சகிதம் என்று ஒரு வரி எப்போதும் வரும். அது போதும் என்று விட்டுவிடாதீர்கள். என்ன மரம், எத்தனை, ஏறத்தாழ எந்தப் பருமன் என்று சொத்து விவரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். மரத்தின் மதிப்பும் சேர்வதால் முத்திரைத் தீர்வை கொஞ்சம் கூடும், கூடட்டும்.

காரணம் இதுதான். நிலத்தை விற்பதற்கு முன்பே மரத்தை மட்டும் ஒரு வியாபாரிக்குப் பேசி, வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்து, முன்பணமும் வாங்கியிருப்பார்கள். அது வில்லங்கச் சான்றில் வராது. நீங்கள் கிரயம் முடித்து வேலி போடப் போகும் நாளில் மரம் அறுக்க ரம்பத்தோடு ஆள் வந்து நிற்பார்கள். "மரங்கள் பேரில் வேறு யாருக்கும் எந்த உரிமையும் இல்லை" என்று விற்பவரிடம் பத்திரத்திலேயே எழுதி வாங்குங்கள். அக்கம்பக்கத்துத் தோப்புக்காரர்களிடமும் டீக்கடையிலும் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள், மரம் பேசிய வியாபாரி யார் என்று ஊருக்குத் தெரிந்திருக்கும்.

பாதையும் அப்படித்தான். புலப்படத்தில் பொதுப் பாதை நிலத்தைத் தொடுகிறதா என்று பாருங்கள். தொடவில்லை என்றால், யார் நிலம் வழியாகப் போகிறீர்களோ அவரிடமிருந்து நடை, வண்டிப் பாதை பாத்தியதை எழுத்தில் பதிவாகியிருக்க வேண்டும். "அண்ணாச்சி ரொம்ப வருஷமா இப்படித்தான் போறோம்" என்ற வாய்ச்சொல், லாரி உள்ளே வர வேண்டிய நாளில் உதவாது.

செலவு: முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். அரசு குறித்திருக்கும் வழிகாட்டி மதிப்பு, பத்திர மதிப்பு இரண்டில் எது அதிகமோ அதற்கு. 20 லட்ச ரூபாய் நிலத்துக்கு 1,80,000 ரூபாய் இதற்கே போய்விடும். வக்கீல், எழுத்துக்கூலி தனி. வக்கீல் கருத்துரைக்குக் கொடுக்கும் பணத்தில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

3. பட்டா மாறுதலும் அளவையும்

முழு சர்வே எண்ணையும் வாங்கியிருந்தால், பதிவோடு பட்டாவும் பெரும்பாலும் தானாக மாறிவிடும். ஒரு பகுதியை மட்டும் வாங்கியிருந்தால் உட்பிரிவு செய்ய வேண்டும், அதற்கு சர்வேயர் வந்து அளக்க வேண்டும். கட்டணம் பெரிதல்ல, காலம்தான் பெரிது. மாதக்கணக்கில் இழுக்கும் என்று வைத்துக்கொண்டே மற்ற வேலையைத் திட்டமிடுங்கள். விண்ணப்ப எண்ணைக் குறித்து வைத்து இணையத்தில் நிலையைப் பார்த்துக்கொண்டே இருங்கள், நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். கூட்டுப் பட்டாவிலேயே காலம் தள்ளலாம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். பின்னால் மரம் வெட்ட விண்ணப்பிக்கும்போது கூட்டுப் பட்டாவில் இருக்கும் மற்றவர்களின் சம்மதத்தையும் கேட்பார்கள், அதில் ஒருவர் பேரனோடு மும்பையில் இருப்பார்.

அளக்கிற அன்று கட்டாயம் நீங்கள் நேரில் இருங்கள். நான்கெல்லைக்காரர்களையும் கூப்பிடுங்கள். மரக்காட்டில் எல்லைக் கல் கண்ணில் படாது, உண்ணிச்செடிப் புதருக்குள், அரை அடி இலைச் சருகுக்கும் மண்ணுக்கும் கீழே கிடக்கும். சங்கிலி போய் நிற்கும் இடத்தில் கடப்பாரையால் மெல்லக் குத்திக்கொண்டே வந்தால் ஓரிடத்தில் "ணங்" என்று சத்தம் வரும், மண்ணைத் தள்ளிப் பார்த்தால் கல்லின் தலை தெரியும். அந்த இடத்திலேயே அன்றைக்கே சிமெண்ட் போட்டு ஒரு உயரமான கல் நட்டு, வெள்ளையடித்து, பக்கத்து நிலத்துக்காரர் நிற்கப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நிலத்துக்குள் ஓடை போனால் அது பெரும்பாலும் ஓடைப் புறம்போக்காக இருக்கும். அதை அடைக்கவோ வேலிக்குள் கொண்டுவரவோ கூடாது.

பட்டா உங்கள் பெயருக்கு வந்ததும் கிராம நிர்வாக அலுவலரைப் பார்த்து, மரங்களை அடங்கலில் ஏற்றச் சொல்லுங்கள். தேக்கு, சந்தனம், செம்மரம் இருந்தால் இது மிக முக்கியம். பத்து வருடம் கழித்து "இது என் நிலத்து மரம்" என்று காட்ட அந்தப் பதிவுதான் கைகொடுக்கும்.

4. மரங்களுக்கு ஒரு கணக்குப் புத்தகம்

ஒரு நோட்டு, ஒரு டேப், கொஞ்சம் பெயிண்ட். ஒவ்வொரு பெரிய மரத்துக்கும் எண் போடுங்கள். தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் சுற்றளவை எடுத்து, மரத்தின் பெயர், சுற்றளவு, நேராக இருக்கும் தண்டின் உயரம் மூன்றையும் எழுதுங்கள். அடுத்த வருடம் இதே மாதத்தில் மறுபடி அளந்தால் எது வளர்கிறது, எது நிற்கிறது என்று தெரிந்துவிடும்.

மரம் விற்கும்போதும் இந்த நோட்டுதான் பாதுகாப்பு. வியாபாரி தோப்பைச் சுற்றிவந்து மொத்தமாக ஒரு தொகை சொல்வார், அதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். மரம் அறுத்த பிறகு கட்டையின் நடுச் சுற்றளவை நாலால் வகுத்து, வந்ததை அதனாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்கினால் கன அடி (சுற்றளவை அங்குலத்திலும் நீளத்தை அடியிலும் எடுத்தால் கடைசியில் 144ஆல் வகுக்க வேண்டும்). நடுச் சுற்றளவு 40 அங்குலம், நீளம் 12 அடி என்றால்: 40ஐ நாலால் வகுத்தால் 10, பத்துப் பத்து 100, அதை 12ஆல் பெருக்கி 144ஆல் வகுத்தால் ஏறத்தாழ 8.3 கன அடி. கன அடிக்கு என்ன விலை என்று மட்டும் பேசுங்கள்.

கணக்கெடுக்கும்போது பொந்து விழுந்த கிழட்டு மரங்களையும் எழுதுங்கள், ஆனால் வெட்டும் பட்டியலில் சேர்க்க வேண்டாம். ஆந்தையும் மரங்கொத்தியும் அங்கேதான் இருக்கும். விறகு விலைக்குப் போகிற மரத்தை வெட்டி என்ன கிடைத்துவிடப் போகிறது?

5. தை மாதத்துக்குள் தீத்தடுப்பு

எல்லோரும் வேலியைப் பற்றிக் கேட்கிறார்கள், தீயைப் பற்றி யாரும் கேட்பதில்லை. மாசியிலிருந்து வைகாசி வரை ஆபத்து. தேக்கு தன் இலையை எல்லாம் கொட்டி, கால் வைத்தால் அப்பளம்போல் நொறுங்கும் காலம் அது, ஒரு பீடித் துண்டு போதும்.

தை முடிவதற்குள் எல்லையை ஒட்டி உள்பக்கமாகப் பத்தடி அகலத்துக்குப் புல், சருகு, புதர் எல்லாவற்றையும் சுத்தமாக வழித்து மண் தெரிய வைத்துவிடுங்கள். உள்ளேயும் குறுக்கே ஒரு கோடு இருந்தால் நல்லது. வழித்த சருகைக் கொளுத்தாதீர்கள், மரத்தடியில் இருந்து தள்ளி ஒரு பள்ளத்தில் போட்டால் மழைக்கு மக்கி உரமாகும். தீயணைப்பு எண் 101, பக்கத்து வனச்சரக அலுவலக எண், இரண்டையும் ஷெட் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள்.

ஆடு மேய்க்கிறவர்களை விரட்டாதீர்கள் என்பது என் கருத்து. கன்று நட்ட பகுதியை மட்டும் அடைத்துவிட்டு, மற்ற இடத்தில் காய்ந்த புல்லை மேய விட்டால் தீக்குத் தீனி குறையும். புகையை முதலில் பார்த்து உங்களுக்குப் போன் செய்யப் போவதும் அவர்கள்தான்.

6. வேலி

மூன்று ஏக்கர் சதுரமாக இருந்தால் சுற்றளவு ஏறத்தாழ 1,450 அடி. அதே மூன்று ஏக்கர் 130 அடி அகலத்தில் நீளமாகக் கிடந்தால் 2,270 அடிக்கு மேல் போய்விடும். பத்தடிக்கு ஒரு கல் என்று போட்டாலும் முதலாவதுக்கு 145 கல், இரண்டாவதுக்கு 227. நிலம் வாங்கும்போதே வடிவத்தைப் பார்க்கச் சொல்வது இதற்குத்தான்.

பணம் இல்லையென்றால் உயிர்வேலி. கொங்குப் பகுதியில் காங்கேயம் பக்கத்துக் கொறங்காடு எனும் மேய்ச்சல் நிலங்களைச் சுற்றிக் கிளுவை வேலி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். கிளுவைக் குச்சிகளை நெருக்கமாக ஊன்றி, கொஞ்சம் ஈரம் கிடைத்தால் பிடித்துக்கொள்ளும், இரண்டு மூன்று வருடத்தில் ஆடு நுழையாது.

சூரிய மின்வேலி போடுவதானால் கவனம். காப்புக்காடு அருகே, அதாவது 5 கிலோமீட்டருக்குள் நிலம் இருந்தால், 2023ஆம் ஆண்டு விதிகளின்படி வனத்துறையிடம் பதிவு செய்த பிறகே போட வேண்டும். பன்றிக்காக என்று சொல்லி நேரடி மின்சாரத்தைக் கம்பியில் விடுவது குற்றம், ஜெயிலுக்குப் போக வேண்டியிருக்கும். யானை சாகும், இரவில் தண்ணீர் பாய்ச்ச வரும் மனிதரும் சாவார்.

7. தண்ணீர்

மழை பெய்கிற ஒரு நாளில் குடையோடு போய் நிலம் முழுக்க நடந்து, தண்ணீர் எங்கே நுழைகிறது, எங்கே வெளியேறுகிறது என்று பாருங்கள். அந்த ஓட்டத்துக்குக் குறுக்கே சரிவை ஒட்டி வரப்புகளும் சின்னப் பள்ளங்களும் எடுத்தால், போர் போடும் தேவையே சிலருக்கு இருக்காது.

விவசாய இலவச மின் இணைப்புக்குச் சாதாரண வரிசையில் பதிந்தால் பல வருடம் காத்திருக்க வேண்டும். பணம் கட்டிச் சீக்கிரம் வாங்கும் தட்கல் முறையில் 5 குதிரைத்திறன் வரை 2.5 லட்சம், 7.5 வரை 2.75 லட்சம், 10 வரை 3 லட்சம். சூரிய சக்தி பம்புசெட்டுக்கு வேளாண் பொறியியல் துறையில் 60 சதவீத மானியம் உண்டு. மரக்காட்டுக்கு அதுதான் சரி, இரவு பாசனம் தேவையே இல்லை.

8. முள்ளை எடுப்பது

சீமைக் கருவேலத்தைத் தரையோடு வெட்டினால் ஒரு மழைக்குப் பத்துக் கிளையாகத் துளிர்த்து வரும். வேரோடு எடுக்க வேண்டும். அதிகமாக இருந்தால் ஜேசிபி, ஆனால் நல்ல மரங்களுக்கு நடுவில் ஜேசிபியை விட்டால் அவற்றின் வேரை அறுத்துவிடும், அங்கே ஆள்தான். நிறைய நின்றால் கரி மூட்டம் போடுகிறவர்கள் தாங்களே வெட்டி எடுத்துக்கொண்டு உங்களுக்குப் பணமும் தருவார்கள். தூரை அகற்றுவதும் அவர்கள் வேலை என்று முதலிலேயே பேசி, அது முடிந்த பிறகு கடைசி லோடை வெளியே விடுங்கள். உண்ணிச்செடியைப் பூக்கும் முன் பிடுங்குங்கள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மொட்டையடிக்க வேண்டாம், சரிவான இடத்தில் மண் முழுக்க ஓடைக்குப் போய்விடும்.

9. இடைவெளியில் நடுவது

முதலில் தானாக முளைத்திருக்கும் கன்றுகளைத் தேடுங்கள். வேம்பும் புங்கனும் நீங்கள் கேட்காமலே வந்திருக்கும், சுற்றிக் குச்சி நட்டுக் காப்பாற்றினால் போதும்.

புதிதாக நடுவதற்கு, நீடித்த பசுமைப் போர்வைக்கான இயக்கத்தில் இலவசக் கன்று கிடைக்கும். உழவன் செயலியில் பதியலாம், அல்லது வட்டார வேளாண் விரிவாக்க மையத்தில் கேட்கலாம். பட்டா நகல், ஆதார், வங்கிப் புத்தக நகல் எடுத்துப் போங்கள். நடவுக்குப் பல மாதம் முன்பே பதிந்துவிடுங்கள், ஐப்பசியில் போய் நின்றால் மிச்சம் மீதிதான் கிடைக்கும். எந்த மரம் என்று குழப்பமாக இருந்தால் மேட்டுப்பாளையம் வனக்கல்லூரியிலோ கோவையில் உள்ள வன மரபியல் நிறுவனத்திலோ கேட்கலாம்.

கன்றை வாங்கும்போது பையின் அடியைப் பாருங்கள். வேர் சுருண்டு வளையமாகக் கிடந்தால் அந்தக் கன்று வேண்டாம், வேறு இல்லையென்றால் பையின் அடியை ஒரு அங்குலம் வெட்டி அந்தச் சுருளை நீக்கிவிட்டு நடுங்கள். குழி ஒன்றரை அடி ஆழ அகலம், ஆவணிக்குள் எடுத்து வெயிலில் காய விட வேண்டும். வடகிழக்குப் பருவமழை நம்பியுள்ள ஊர்களில் புரட்டாசி, ஐப்பசி நடவு. எங்கள் பக்கம் போலச் சாரல் விழும் இடங்களில் ஆனி, ஆடியிலும் நடலாம். பத்துக்குப் பத்தடி என்றால் ஏக்கருக்கு 435 கன்று, பதினைந்துக்குப் பதினைந்து என்றால் 193. தேக்குக்கு முழு வெயிலும் வடிகாலும் வேண்டும், பழைய மரத்து நிழலில் வைத்தால் குச்சியாக நீண்டு வளைந்துவிடும்.

முதல் இரண்டு கோடைக்கு உயிர்த்தண்ணீர் கொடுக்க வழி இருக்கிற அளவு மட்டும் நடுங்கள். நூறு நட்டு தொண்ணூறு பிழைப்பது, ஐந்நூறு நட்டு நூறு பிழைப்பதைவிட எவ்வளவோ மேல், செலவையும் கணக்குப் பார்த்தால் புரியும்.

10. வெட்டவும் கொண்டுபோகவும்

சவுக்கு, தைலமரம் போன்றவற்றுக்குத் தொல்லை இல்லை. தேக்கு என்றால் பட்டா, அடங்கல், புலப்படம், வி.ஏ.ஓ. சான்று, மரப் பட்டியல் இவற்றோடு வனத்துறையில் விண்ணப்பித்து, அவர்கள் வந்து பார்த்த பிறகு வெட்டி, கொண்டுபோகும் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். சீட்டில்லாமல் லாரி ரோட்டில் ஏறினால் மரமும் வண்டியும் பிடிபடும். "சீட்டெல்லாம் நான் பாத்துக்குறேன்" என்கிற வியாபாரியிடம், சீட்டின் நகல் உங்கள் கைக்கு வந்த பிறகு லோடு ஏற்றச் சொல்லுங்கள், விண்ணப்பம் உங்கள் பெயரில்தானே இருக்கிறது.

சந்தனம் உங்கள் பட்டா நிலத்தில் நின்றால் அது உங்களுடையதுதான், ஆனால் வனத்துறை மூலமாகத்தான் வெட்டி விற்க முடியும். காய்ந்து விழுந்த துண்டைக்கூட வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள். செம்மரத்துக்கும் வனத்துறை அனுமதி கட்டாயம். பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையிலேயே அறிவித்தார்கள். என்னைக் கேட்டால் பனையை வெட்டவே வேண்டாம்.

11. ரசீதுகள்

கன்று வாங்கியது, குழி வெட்டிய கூலி, களையெடுத்தது, தண்ணீர் லாரி, எல்லாவற்றுக்கும் தேதி போட்டு ரசீது வையுங்கள். நட்டு வளர்த்த மரத்தை விற்ற பணம் விவசாய வருமானம், அதற்கு வருமான வரி இல்லை. தானாக முளைத்த காட்டு மரம் அப்படியல்ல. உழுது, நட்டு, நிலத்தில் அடிப்படை வேலை செய்திருந்தால்தான் விவசாய வருமானம் என்று உச்ச நீதிமன்றம் 1957லேயே தீர்ப்பளித்திருக்கிறது. விற்கும் நேரத்தில் ஆடிட்டர் கேட்கப்போவது இந்த ரசீதுகளைத்தான், அதனால் பத்திர நகல், பட்டா, எல்லைக் கல் படங்கள், மர நோட்டு இவற்றோடு ஒரே கோப்பில் போட்டு, இன்னொரு பிரதியை வீட்டில் வேறொருவர் கையிலும் கொடுத்து வையுங்கள்.